நாணல் வீட்டில் அப்பா உட்கார்ந்த இடம்

என்னோடு ஆறாம் வகுப்பில் ஒரே பெஞ்சில் இடித்துக்கொண்டு உட்கார்ந்தவர்களே, இதை உங்களுக்குத்தான் எழுதுகிறேன். பாதி வருஷத்தில் வந்து சேர்ந்த கறுத்த பெண்ணை உங்களுக்கு நினைவிருக்கும். "தண்ணி மேல வூடு, தண்ணிக்குள்ள எருமை" என்று நான் சொன்னதைக் கேட்டுச் சிரித்து, எனக்கு எருமைக்காரி என்று பெயர் வைத்தீர்கள். டீச்சரும் சேர்ந்துகொண்டு, "போதும்மா, கத வுடாத" என்றார். போன மாதம் நம் வாட்ஸப் குழுவில் ஒருத்தி ஒரு படம் போட்டாள். நாணலில் கட்டிய வீடு, வாசலில் தார் பூசிய படகு, கழுத்தளவுத் தண்ணீரில் எருமைகள். கீழே, "ஏய் எருமைக்காரி, நீ சொன்னது நெசந்தானாடி?" என்று கேட்டிருந்தாள். நெசந்தான். நாற்பது வருஷத்துக்கு மேல் ஆனாலும் ஒப்புக்கொண்டீர்களே, சந்தோஷம்.

ஆனால் அன்றைக்கு நான் உங்களுக்குச் சொன்னது பாதிதான். மீதியைச் சொல்லக்கூடாது என்று ஒருத்திக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். அந்த வாக்கு அப்பாவைப் பற்றியது. அப்பா போன வருஷம் போய்ச் சேர்ந்துவிட்டார். இனி உங்களிடம் சொல்வதில் தப்பில்லை என்று நினைக்கிறேன்.

முதலில் நாங்கள் அங்கே எப்படிப் போனோம் என்று சொல்லிவிடுகிறேன். அப்பா பெரிய காஞ்சிபுரத்தில் பட்டு நெய்யும் குடும்பம். அம்மா முசரவாக்கம் பக்கம், அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை செய்த குடும்பத்தில் முதல் நர்ஸ். இரண்டு பேரும் கல்யாணம் செய்துகொண்ட அன்றைக்கே, அப்பாவின் அப்பா, "இந்த வாசப்படிய இனி மிதிக்காத" என்று சொல்லிவிட்டார். தெருவில் யாரும் அப்பாவுக்குத் தறி கொடுக்கவில்லை. எனக்கு எட்டு வயது ஆனபோது இராக்கில் நர்சுகள் வேண்டும் என்று ஆள் எடுத்தார்கள். அம்மா கிளம்பினாள். அப்பாவும் நானும் அம்மாவின் பெட்டி படுக்கையோடு சேர்ந்து கிளம்பினோம். புருஷன் சம்பாதிக்கப் போய் பெண்டாட்டி பின்னால் போவதுதான் வழக்கம். எங்கள் வீட்டில் அது தலைகீழ். அதற்காக அப்பா வெட்கப்பட்டு நான் பார்த்ததில்லை.

அம்மாவுக்கு வேலை கிடைத்தது அந்த நாட்டின் தெற்கே, பெரிய சதுப்பின் கரையில் இருந்த ஒரு சின்ன ஊரின் ஆஸ்பத்திரியில். குளிர்காலம் முடிகிற நேரம் சதுப்புக்குள் இருந்த பிள்ளைகளுக்குத் தட்டம்மையும் கண்நோயும் வந்துவிட்டன. வெயில் காலம் வரும்வரை உள்ளேயே தங்கிப் பார்த்துக்கொள்ளச் சொல்லி, ஒரு பெட்டி மருந்தோடு அம்மாவை அனுப்பினார்கள். அந்த நாலு மாதம்தான் என் கதை. எனக்கு அப்போது ஒன்பது வயது.

ஆஸ்பத்திரிப் படகுக்காரர்தான் எங்களைக் கூட்டிக்கொண்டு போய், நாலு மாதமும் கூடவே தங்கினார். ஒல்லியான நீளப் படகு. அடியெல்லாம் தார் பூசி, வெயிலில் அந்தத் தார் வாசனை மூக்கில் ஏறும். இரண்டு பக்கமும் ஆளைவிட இரண்டு மடங்கு உயரத்துக்கு நாணல். நடுவில் ஒரு கோடு மாதிரி தண்ணீர். அம்மா என் கையை விடவே இல்லை. படகுக்காரர் பஸ்ரா துறைமுகத்தில் வேலை செய்து இந்திக்காரர்களிடம் கொஞ்சம் பேசக் கற்றவர். அப்பா சாயப்பட்டறை பாய்களிடம் உருது கற்றவர். அவர் பேசும் இந்தியும் இவர் பேசும் உருதும் எப்படியோ ஒட்டிக்கொண்டன.

நாங்கள் போய் இறங்கிய இடம், நாணலையும் சேற்றையும் மாற்றி மாற்றி அடுக்கி, தண்ணீருக்கு நடுவில் மனிதர்களே உண்டாக்கிய தீவு. தண்ணீர் ஏற ஏற மேலே புது நாணல் போடுவார்கள். நடந்தால் தரை மெத்தென்று உள்ளே போய்த் திரும்பி வரும். முதல் வாரம் அம்மா தள்ளாடித் தள்ளாடித்தான் நடந்தாள். அப்படி ஐம்பது அறுபது தீவுகள், ஒவ்வொன்றிலும் ஒரு வீடு, வீட்டுக்கு வீடு படகு. எல்லாவற்றுக்கும் நடுவில் இருந்த பெரிய தீவு ஊர்ப் பெரியவருடையது. அதில்தான் எங்களுக்கு ஒரு நாணல் குடிசை கொடுத்தார்கள்.

பெரியவரின் விருந்து வீட்டை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். நாணலைக் கட்டுக் கட்டாகக் கட்டி, தூண் போல நிறுத்தி, தலைகளை வளைத்துப் பிணைத்த நீண்ட கூடம். ஆணி கிடையாது, மரம் கிடையாது. நடுவில் அடுப்பு, அதைச் சுற்றிப் பாய். காலையில் அங்கே காபிக்கொட்டை இடிக்கிற சத்தம் டிங் டிங்கென்று தண்ணீர் மேல் பரவும். அதுதான் அழைப்பு. யார் வேண்டுமானாலும் படகை விட்டு இறங்கி உள்ளே வரலாம். யார், எந்த ஊர், என்ன வேலை என்று சாப்பாடு போடும் வரை கேட்கமாட்டார்கள். விருந்தாளி சாப்பிடும்போது பெரியவர் உட்காரமாட்டார், நின்றுகொண்டே பரிமாறுவார்.

நாங்கள் போன அன்று அப்பாவைத் தன் பக்கத்திலேயே, அடுப்புக்கு நேராக உட்கார வைத்தார். அது அங்கே மரியாதையான இடம் என்று எங்களுக்குத் தெரியாது. அப்பாவின் சிக்கல் வேறாக இருந்தது. விரல் நனைகிற அளவுக்குக் காபி ஊற்றுவார்கள், சர்க்கரை கிடையாது, வேப்பங்கொழுந்துக் கசப்பு. போதும் என்றால் கோப்பையை லேசாக ஆட்டிக் கொடுக்க வேண்டும். அப்பாவுக்கு அது தெரியாது. குடித்துவிட்டு மரியாதையாக நீட்டிக்கொண்டே இருந்தார், அவர்களும் ஊற்றிக்கொண்டே இருந்தார்கள். ஏழாவது கோப்பையில் படகுக்காரர் இரக்கப்பட்டு அப்பா கையைப் பிடித்து ஆட்டினார்.

அவர்கள் கேட்காவிட்டாலும் அப்பாவால் சும்மா இருக்க முடியவில்லை. படகுக்காரரிடம், "நாங்க நெசவாளிங்க. தலமொற தலமொறையா பட்டு நெய்றவங்க. சொல்லுப்பா அவுருகிட்ட" என்றார். படகுக்காரர் ஒரு நிமிஷம் அப்பாவைப் பார்த்தார். பிறகு பெரியவரிடம் இரண்டே வார்த்தை சொன்னார். பெரியவர் தலையாட்டினார். அப்பாவின் முகத்தில் அன்றைக்கு இருந்த களிப்பை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. சொந்த வீட்டு வாசலை மிதிக்கக்கூடாதவர், முன்பின் தெரியாத ஒருவர் வீட்டில் நடு இடத்தில் உட்கார்ந்திருந்தார்.

பெரியவரின் மகள்தான் எனக்கு அக்கா. பதினெட்டு வயது இருக்கும். விடிந்ததும் சின்னப் படகில் நின்றபடி கழி போட்டுக்கொண்டு, எருமைகளுக்கு இளம் நாணல் அறுக்கப் போவாள். பதினைந்து நாளில் என்னையும் கூட்டிக்கொண்டு போக ஆரம்பித்தாள். அங்கே எருமை ஒவ்வொன்றுக்கும் பெயர் உண்டு. வர்தா என்று ஒன்று. ரோஜாப்பூ என்று அர்த்தம். அவ்வளவு கறுப்பான ரோஜாப்பூவை உலகத்தில் யாரும் பார்த்திருக்கமாட்டார்கள். அக்கா பாடினால்தான் அது பால் கொடுக்கும். அந்தப் பாலைக் காய்ச்சி ஆறவைத்து எடுக்கும் ஏடு விரற்கடை கனம் இருக்கும். சூடான அரிசி ரொட்டியில் அந்த ஏட்டை வைத்து, மேலே பேரீச்சம்பழப் பாகு ஊற்றி, அக்கா எனக்கு ஊட்டிவிடுவாள். கோரைப் பூவின் மஞ்சள் தூளை ஆவியில் வேகவைத்து ஒரு மிட்டாய் செய்வார்கள். வாயில் போட்டால் மணலாக உதிர்ந்து இனிக்கும். இந்த வயதில் சர்க்கரை வியாதியோடு உட்கார்ந்து இதை எழுதுவது எனக்கு ஒரு தண்டனைதான்.

அம்மா நல்ல நர்ஸ், ஆனால் பிடிவாதக்காரி. சாயங்காலம் எருமைகள் நீந்தித் திரும்பி வரும்போது ஒவ்வொரு வீட்டிலும் வரட்டியில் புகை போடுவார்கள். அந்தப் புகைக்குள் எருமைகள் கண்ணை மூடிக்கொண்டு சுகமாக நிற்கும். பிள்ளைகளுக்குக் கண்நோய் வருவதே இந்தப் புகையால்தான் என்று அம்மா முடிவுகட்டி, எங்கள் தீவில் புகையை அணைக்க வைத்தாள். பெரியவரின் மனைவி, நான் பெரியம்மா என்று கூப்பிட்டவர், எழுந்து போய்த் தண்ணீர் ஊற்றினார். அரை மணி நேரத்தில் கொசு வந்தது. கொசு என்றால் நம் ஊர்க் கொசு இல்லை. எருமைகள் கத்திக்கொண்டு தண்ணீரில் குதித்து, பக்கத்துத் தீவின் புகைக்குள் போய் நின்றுகொண்டன. மறுநாள் அம்மாவே வரட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு பெரியம்மாவிடம் போய், "கொளுத்துங்கம்மா, நான் தெரியாம சொல்லிட்டேன்" என்றாள். பெரியம்மா சிரிக்கவில்லை. அம்மாவின் வீங்கிய முகத்தில் ஏதோ எண்ணெய் தடவிவிட்டார்.

இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். அவர்கள் பேசியது அரபு. பிள்ளைகளோடு விளையாடியே இரண்டு மாதத்தில் எனக்கு அது வந்துவிட்டது. அப்பாவுக்கும் அம்மாவுக்கும் கடைசிவரை வரவில்லை. ஆனால் அவர்கள் சொன்னதெல்லாம் என் மனசில் நம் காஞ்சிபுரம் பேச்சாகவே தங்கியிருக்கிறது. அப்படியேதான் எழுதுகிறேன், சண்டைக்கு வராதீர்கள்.

அந்தப் பருவத்தில் ஊர் முழுக்க ஒரே பேச்சு அக்காவின் கல்யாணம்தான். படகில் அரை நாள் தூரத்தில் இருந்த ஒரு கிராமத்தில் மாப்பிள்ளை. தண்ணீர் நன்றாக ஏறியதும் அவர்கள் வந்து பேசி முடிப்பதாக இருந்தது. அக்கா அவன் முகத்தைச் சரியாகப் பார்த்ததில்லை. ஆனால் ஒரு தரம் நாணலுக்கு அந்தப் பக்கம் அவன் பாடிக்கொண்டு போனதைக் கேட்டிருக்கிறாள். அந்தப் பாட்டை நாணல் அறுக்கும்போது மெதுவாகப் பாடிக் காட்டுவாள். "நல்ல கொரலு இல்ல?" என்று கேட்பாள். பாடுவது அவள்தானே, அவன் குரல் எப்படி எனக்குத் தெரியும்? ஆனாலும் ஆமாம் என்பேன்.

அப்பாவுக்கு ஒரு மாதத்தில் கை அரிக்க ஆரம்பித்துவிட்டது. தறியில் உட்கார்ந்தே வளர்ந்த மனுஷன், எவ்வளவு நாள்தான் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு இருப்பார்? ஒரு நாள் சுற்றிப் பார்த்தார். ஆணும் பெண்ணும் நாணலைப் பிளந்து, கட்டையால் தட்டி மெத்தையாக்கி, தரையில் குந்திப் பாய் முடைந்துகொண்டிருந்தார்கள். அப்பா துள்ளிக் குதித்தார். "அட, ஊரே நம்மாளுங்கதாம்மா! பாரு, எல்லாரும் நெய்துக்கினு இருக்காங்க!" என்றார். அன்றைக்கே லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு அவர்கள் நடுவில் உட்கார்ந்துவிட்டார். இரண்டு நாள் விரல் கிழிந்தது. மூன்றாம் நாள் அவர்களைவிட வேகமாக முடைந்தார்.

அதோடு விட்டாரா? பாய்க்குக் கரை போட வேண்டும் என்றார். வாய்ப்புண்ணுக்கு வைத்திருந்த ஊதா மருந்தை அம்மாவுக்குத் தெரியாமல் எடுத்து, அதில் நாணல் கீற்றுகளை ஊறவைத்தார். அம்மா போட்ட சத்தத்தில் எருமைகள் திரும்பிப் பார்த்தன. ஆனால் பாய் முடிந்தபோது அம்மாவும் வாயை மூடிக்கொண்டாள். இரண்டு ஓரமும் ஊதா நிறத்தில் கோபுரம் கோபுரமாகக் கரை. நம் ஊர்ச் சேலையில் வரும் அதே கரை. பெரியவர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, மாப்பிள்ளை வீட்டார் வரும் அன்று விருந்து வீட்டில் அதைத்தான் விரிக்க வேண்டும் என்றார்.

இப்போது என் தப்புக்கு வருகிறேன்.

அந்த ஊர்ப் பிள்ளைகள் என்னை "துணி வியாபாரி மக" என்று கூப்பிட்டார்கள். பாஷை புரிந்த பிறகுதான் அது எனக்குத் தெரிந்தது. படகுக்காரர் முதல் நாள் சொன்ன இரண்டு வார்த்தை அதுதான். எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. எங்கள் வீட்டில் வியாபாரி என்பது நல்ல வார்த்தை இல்லை. சேலையைத் தூக்கிக்கொண்டு போனால் மத்தியானம் வரை வாசலில் நிற்க வைத்துவிட்டு, பிரித்துப் பார்த்து நொட்டை சொல்கிறவன் வியாபாரி. அப்பாவைப் போய் அவனோடு சேர்ப்பதா? சமயம் வரும்போது சொல்லிவிட வேண்டும் என்று வைத்துக்கொண்டேன்.

சமயம் வந்தது. மாப்பிள்ளை வீட்டார் மூன்று படகில் வந்தார்கள். மாப்பிள்ளை வரவில்லை. அவனுடைய சித்தப்பா, தாடி வைத்த கனத்த மனுஷர், அவர்தான் தலைவர். பெண்கள் பக்கம் காலையிலிருந்து சமையல். பெரிய பெரிய மீனைப் பிளந்து தீக்கு முன்னால் நிறுத்தி வாட்டிக்கொண்டிருந்தார்கள். தாம்பாளத்தில் மலையாகச் சோறு, மேலே வறுத்த ஆட்டுக்கறி. அக்கா புதுத் துணி கட்டிக்கொண்டு நாணல் தட்டிக்குப் பின்னால் நின்றாள். சின்னப் பெண் என்பதால் என்னை விருந்து வீட்டுக்குள் விட்டார்கள். "அவுங்க இன்னா பேசுறாங்கன்னு கேட்டுக்கினு வந்து சொல்லு" என்று அக்காதான் அனுப்பினாள்.

பெரியவர் அப்பாவை வழக்கம் போலத் தன் பக்கத்தில் உட்கார வைத்திருந்தார். பெரியவரின் மறுபக்கம் சித்தப்பாவுக்கு இடம். காபி ஒரு சுற்று ஆயிற்று. சித்தப்பா தாம் உட்கார்ந்திருந்த பாயின் கரையைத் தடவிப் பார்த்து, "இப்டி ஒரு பாய நான் பாத்தது இல்ல. யாரு போட்டது?" என்றார்.

நான் முந்திக்கொண்டேன். "எங்கப்பா! எங்கப்பா துணி வியாபாரி இல்ல, நெசவுக்காரரு. எங்கூர்ல தறியில குந்தி பட்டு நெய்வாரு. அவுரு நெய்யற சேலையக் கட்டிக்கினுதான் ஊர்ல எல்லாரும் கல்யாணமே பண்ணுவாங்க!"

சித்தப்பா பாயின் கரையிலிருந்து கையை எடுத்துக்கொண்டார். படகுக்காரர் கண்ணை மூடிக்கொண்டார்.

எனக்கு அப்போது தெரியாதது இது. அந்தக் குலங்களில் பாய் முடைவது எல்லாரும் செய்கிற வேலை, அதில் இழிவில்லை. ஆனால் தறியில் துணி நெய்கிறவன் தாழ்ந்தவன். அவனுக்குப் பெண் கொடுக்கமாட்டார்கள், அவனிடம் எடுக்கவும் மாட்டார்கள். ஏன் என்று கேட்டால் அவர்களுக்கும் சொல்லத் தெரியாது. நம் ஊரில் மட்டும் கேட்டால் சொல்லத் தெரியுமா? ஊர் பூரா பாய் முடைவதைப் பார்த்து நெசவுக்கு இங்கே மரியாதை என்று அப்பா நினைத்தார். அவர் மகளும் அதையே நினைத்தாள்.

சித்தப்பா பெரியவரைப் பார்த்து, "நெசவுக்காரனா?" என்றார்.

பெரியவர், "ஆமா, கொழந்ததான் சொல்லிடுச்சே" என்றார்.

"அவனும் நாங்களும் ஒரே பாயிலயா? அவன கதவாண்ட போய் குந்தச் சொல்லு. இல்லன்னா நாங்க எழுந்துக்குறோம்."

இவ்வளவும் நடக்கும்போது அப்பா ஒன்றும் புரியாமல் எல்லாரையும் பார்த்துப் புன்னகை செய்துகொண்டிருந்தார். பாயைப் பற்றித்தான் பேச்சு என்பது அவருக்குப் புரிந்திருந்தது. பாராட்டுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு, தலையைக் குனிந்து கும்பிட்டார். பெரியவர் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு நாணல் தட்டிப் பக்கம் ஒரு தரம் பார்த்தார். அதற்குப் பின்னால் அக்கா நிற்பது அவருக்குத் தெரியும். அப்புறம் காபி ஊற்றுகிறவன் கையிலிருந்த கெண்டியைத் தானே வாங்கி, அப்பாவின் கோப்பையில் ஊற்றினார்.

"நான் குந்த வச்ச எடத்துல அவுரு குந்திக்கினு இருக்காரு" என்றார். அவ்வளவுதான்.

அவர்கள் எழுந்தார்கள். அந்த ஊரில் சமைத்த சோற்றைத் தொடாமல் எழுந்து போவதைவிடப் பெரிய அடி கிடையாது. விருந்தாளிகள் கிளம்புகிறார்கள் என்று அப்பாவும் எழுந்து, படகுத்துறை வரை கூடவே போய், ஒவ்வொருவருக்கும் கைகூப்பி வழியனுப்பினார். அவர்களில் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. நான் அவர் லுங்கியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அப்பா படகுக்காரரிடம், "இன்னாப்பா ஆச்சு? சாப்பிடாம போறாங்க?" என்றார்.

படகுக்காரர், "எருமை" என்றார். "பரிசம் எத்தினி எருமன்னு தகராறு."

அப்பாவுக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டும். "எருமைக்காவா? ஒரு எருமைக்காவா இப்டி ஒரு பொண்ண வுட்டுட்டுப் போறானுங்க? படுபாவிங்க!" என்று தண்ணீரைப் பார்த்துக் கத்தினார். படகுக்காரர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

அந்தச் சோற்றையும் மீனையும் பெரியம்மா வீடு வீடாகப் படகில் அனுப்பிவைத்தார். ஏன் மிச்சமாயிற்று என்று யாரும் கேட்கவில்லை. அக்கா அன்று முழுக்க என்னிடம் பேசவில்லை. எனக்கு முதலில் எதுவும் புரியவில்லை. பிறகு ஊர்ப் பிள்ளை ஒருவன் விளக்கமாகச் சொன்னான். சொல்லிவிட்டு, "உன் நாக்க வெட்டணும்" என்றான். அம்மா கேட்டதற்கு வயிற்று வலி என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டேன்.

மறுநாள் காலையில் அக்கா வந்து, "வரியா இல்லியா? எரும பசியில கெடக்குது" என்றாள். போனேன். நாணலுக்குள் வெகுதூரம் போன பிறகு கழியை ஊன்றிப் படகை நிறுத்தினாள். நான் அழ ஆரம்பித்துவிட்டேன்.

"எம்மேல கோவமாக்கா?"

"கோவந்தான். நேத்து உன்னத் தூக்கித் தண்ணில போட்டுடலாமான்னு இருந்துது." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இப்பக் கொஞ்சம் கொறஞ்சிருக்குது."

"எங்கப்பா நெசவுக்காரருன்னு உங்கப்பாவுக்குத் தெரியாதுக்கா. நான்தான்..."

"தெரியும். மொத நாளே படகுக்காரரு வெளிய இட்டுக்கினு போயி சொல்லிட்டாரு. எங்க வூட்ல எல்லாருக்குமே தெரியும்."

"தெரிஞ்சுமா பக்கத்துல குந்த வச்சாரு?"

"உங்கப்பா எங்க வூட்டுக் காபி குடிச்சிட்டாரு இல்ல? அப்புறம் அவுரு எங்க மனுசன். அவுரு இன்னா வேல செஞ்சா எங்களுக்கு இன்னா?" அக்கா நாணலை அறுக்க ஆரம்பித்தாள். அறுத்துக்கொண்டே சொன்னாள். "ஒண்ணு மட்டும் எனக்கு சத்தியம் பண்ணு. உங்கப்பாகிட்ட இத எப்பவும் சொல்லக்கூடாது. தெரிஞ்சா மனசு ஒடிஞ்சு இன்னிக்கே கெளம்பிடுவாரு. எங்கப்பா எனக்கு இன்னொரு மாப்பிள பாத்துடுவாரு. வூட்டுக்கு வந்தவரு தல குனிஞ்சு போனா, அத அவுரால தாங்க முடியாது."

சத்தியம் பண்ணினேன். அக்கா அழுதுகொண்டே படகு நிறைய நாணல் அறுத்தாள். எருமைகளுக்கு அன்றைக்கும் தீவனம் குறையவில்லை.

அதற்குப் பிறகு இரண்டு மாதம் இருந்தோம். பாய் முடைகிறவர்களில் இரண்டு பேர் அப்பா பக்கத்தில் உட்காராமல் தள்ளிப் போனார்கள். "பாவம், அவுங்களுக்கு இடுப்பு வலி போல, நெழலாப் பாத்துக் குந்திக்கினாங்க" என்று அப்பா சொன்னார். மற்றவர்கள் அப்படியே இருந்தார்கள். பெரியவரும் பெரியம்மாவும் அக்காவும் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. ரொட்டியில் வைக்கிற ஏட்டின் கனம்கூடக் குறையவில்லை. தண்ணீர் வடிந்ததும் நாங்கள் கரை ஊருக்குத் திரும்பினோம். சண்டை வரப்போகிறது என்ற பேச்சு வந்ததும் இந்தியாவுக்கே வந்துவிட்டோம். களிமண்ணில் அக்கா எனக்குச் செய்து கொடுத்த குட்டி எருமை வழியிலேயே பொடிந்துவிட்டது. சூட்கேஸ் முழுக்க மண் என்று அம்மா தட்டிக் கொட்டினாள்.

பிற்பாடு அந்தச் சதுப்பையே அரசாங்கம் வடியவைத்துவிட்டது என்று பேப்பரில் படித்தேன். ஜனங்கள் எங்கெங்கோ சிதறிப் போனார்களாம். இப்போது கொஞ்சம் தண்ணீர் திரும்பியிருக்கிறது என்கிறார்கள். நம் குழுவில் வந்த படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கி ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். அக்காவுக்குக் கல்யாணம் ஆயிற்றா, பாட்டுப் பாடுகிறவன் கிடைத்தானா, எதுவும் எனக்குத் தெரியாது. அவளுக்கு நான் பட்ட கடனை எப்படிச் சொல்வது? கோபத்தை மறைக்காமல் சொல்லிவிட்டு, மறுநாளே என்னைப் படகில் ஏற்றிக்கொண்டவள் அவள். என் பிள்ளைகளிடம் நான் கோபித்துக்கொண்ட ஒவ்வொரு தரமும் அவளை நினைத்திருக்கிறேன். அவள் எங்கே இருந்தாலும் நன்றாக இருக்க வேண்டும். இதைச் சொல்லாத நாள் எனக்கு இல்லை.

அப்பா திருப்பருத்திக்குன்றம் பக்கம் ஒரு வீட்டை வாடகைக்குப் பிடித்து, சொந்தமாகத் தறி போட்டு, எழுபத்தைந்து வயது வரை நெய்தார். டீக்கடையில் உட்கார்ந்தால் போதும், ஆரம்பித்துவிடுவார். "நெசவாளின்னு சொன்னதும் அந்த ஊர்த் தலைவரு என்னப் பக்கத்துலயே குந்த வச்சாருப்பா! அந்த ஊர்ல நெசவுக்கு அவ்ளோ மரியாத!" அடுத்து எருமைக்காகக் கல்யாணத்தை முறித்தவர்களுக்கு ஒரு சுற்றுத் திட்டு. நாற்பது வருஷம் நான் பக்கத்தில் இருந்து தலையாட்டினேன். உங்களில் சில பேரும் அதைக் கேட்டிருப்பீர்கள்.

போன வருஷம் பங்குனியில் ஒரு மத்தியானம் அவருக்குக் கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தேன். இரண்டு வாய் குடித்துவிட்டுப் போதும் என்று கையை ஆட்டினார். பிறகு அவராகவே பேச்சை எடுத்தார்.

"அந்தப் பெரியவரு இல்லம்மா..."

"சொல்லுப்பா."

"நெசவாளின்னு மட்டுந்தான் நான் சொன்னேன். எங்கப்பன் என்ன வூட்ட வுட்டுத் தள்ளுனத சொல்லல. உங்கம்மா ஜாதி, எஞ்ஜாதி, ஒண்ணுமே சொல்லல. மறச்சிட்டேன்." மூச்சு வாங்கியது. "அதெல்லாம் தெரிஞ்சிருந்தா அவுரு என்னப் பக்கத்துல குந்த வச்சிருப்பாரா?"

நாற்பது வருஷம் ஊருக்கெல்லாம் மார்தட்டிச் சொன்ன மனுஷன், உள்ளே இதை வைத்துக்கொண்டு இருந்திருக்கிறார். எல்லாவற்றையும் கொட்டிவிடலாமா என்று வாய் வரை வந்தது. அக்கா முகம் வந்து நின்றது. கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்தேன்.

"வச்சிருப்பாருப்பா."

"எப்டி சொல்ற?"

"எனக்குத் தெரியும்பா. மகளுக்குக் கல்யாணமே நின்னு போறதா இருந்தாலும் உன்ன எழுப்பி இருக்கமாட்டாரு."

அப்பா அதை யோசித்துப் பார்த்தார். பிறகு, "ஆமா, நல்ல மனுசன்" என்று சொல்லிவிட்டு, சுவர்ப் பக்கம் திரும்பித் தூங்கிப்போனார்.